கடல் பாசியை உடைக்கும் காமா கதிர்: பயிருக்கு என்ன லாபம்?

மும்பையில் ஹார்பர் லைனில் தினமும் போய் வரும் நம்மவர்களுக்கு மான்கூர்டு ஸ்டேஷன் நன்றாகத் தெரியும். அங்கிருந்து சற்றுத் தூரத்தில் டிராம்பே. அங்கேதான் பாபா அணு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

அணு என்றதும் குண்டும் மின்சாரமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் இதே டிராம்பேயில், ஆஸ்பத்திரிக்குப் போகும் பஞ்சு, ஊசி, கட்டுத்துணி இவற்றில் கிருமி இல்லாமல் செய்யும் 'ஐசோமெட்' நிலையம் 1974-ல் தொடங்கப்பட்டது. நாசிக் மாவட்டம் லாசல்காவில் வெங்காயம் முளைக்காமல் தடுக்கும் கதிர்வீச்சு நிலையம் 2002-ல் வந்தது. அங்கே கதிர் காட்டிய மாம்பழம் 2007-ல் அமெரிக்காவுக்கு ஏற்றுமதி ஆனது.

இந்த வரிசையில் இன்னொரு வேலையும் உண்டு. கடல் பாசியில் இருந்து எடுக்கும் பசைப் பொருளைக் கதிரால் உடைத்து, அதைப் பயிருக்குத் தெளித்து, வளர்ச்சியைக் கூட்டுவது! இதிலும் டிராம்பே விஞ்ஞானிகளுக்குப் பங்கு இருக்கிறது.

இந்தியாவில் கடல் பாசிக்குப் பேர் போன இடங்களில் ஒன்று நம் ராமநாதபுரம் மாவட்டம். ஆகவே இந்த விஷயம் நமக்கு இரண்டு வகையில் சொந்தம். பாசி நம் ஊர்க் கடலில் இருக்கிறது. மருந்து தெளிக்க வேண்டிய வயலும் நம்மில் பலருக்கு ஊரில் இருக்கிறது.

பாசி எடுக்கும் பெண்கள்

மண்டபம், பாம்பன், ராமேசுவரம் பக்கத்தில் கடலில் மூழ்கிப் பாசி எடுப்பது பெரும்பாலும் பெண்கள். கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொள்வார்கள். பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொள்வார்கள். மூச்சை அடக்கி உள்ளே போய், பாசியைப் பறித்து, இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு மேலே வருவார்கள். இப்படி ஒரு நாளில் பல மணி நேரம்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-ல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அதன் பிறகு தீவுப் பக்கம் போவதில் கெடுபிடி வந்தது. பெண்கள் தங்களுக்குள் சங்கம் வைத்து, மாதத்தில் இத்தனை நாள்தான் பாசி எடுப்பது என்று கட்டுப்பாடு செய்துகொண்டார்கள். பாம்பனை அடுத்த சின்னப்பாலம் கிராமத்தைச் சேர்ந்த பாசி எடுக்கும் பெண் ஒருவருக்கு, 2015-ல் அமெரிக்காவின் 'சீகாலஜி' அமைப்பு விருது கொடுத்துக் கவுரவித்தது.

பாசியில் பல ஜாதி உண்டு. மரிக்கொழுந்துப் பாசியில் இருந்து அகர் அகர் எடுக்கிறார்கள். கட்டக்கோரையில் இருந்து அல்ஜின் வருகிறது. துணியில் பூப் போடும்போது சாயம் ஓடிப் பரவாமல் கெட்டிப்படுத்தச் சேர்க்கும் பசை இந்த அல்ஜின்தான். மில்லில் பிரிண்டிங் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்கு இது பழக்கமான சரக்கு.

இவை தவிர, கப்பாபைகஸ் என்று ஒரு வெளிநாட்டுப் பாசி இருக்கிறது. பவநகரில் உள்ள மத்திய உப்பு, கடல் ரசாயன ஆராய்ச்சி நிலையம் 1984-ல் இதை இந்தியாவுக்குக் கொண்டு வந்தது. அந்த நிலையத்துக்கு மண்டபத்திலும் ஒரு கிளை உண்டு. இந்தப் பாசியைப் பறிக்கக் கடலில் மூழ்க வேண்டியது இல்லை. 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவையில், கயிற்றில் சுமார் 60 கிலோ விதைப் பாசியைக் கட்டிக் கடலில் விட்டால், 45 நாளில் ஏறக்குறைய நான்கு மடங்காக வளர்ந்து விடும். ஆனால் 10 கிலோ பச்சைப் பாசியைக் காய வைத்தால் ஒரு கிலோதான் தேறும்.

இந்தப் பாசியில் இருக்கும் பசைப் பொருளின் பெயர் காராஜினன். சாக்லேட் பால், பற்பசை முதலியவற்றில் இதைச் சேர்க்கிறார்கள்.

நீளமான கூட்ஸ் வண்டி

அகர், அல்ஜின், காராஜினன் ஆகிய மூன்றும் சர்க்கரை வர்க்கத்தைச் சேர்ந்தவை. ஆனால் இனிக்காது. சிறு சிறு சர்க்கரைத் துண்டுகள் ஒன்றோடு ஒன்று கோத்து, நீளமான சங்கிலியாக இருப்பவை இவை.

எனக்குத் தெரிந்த ரயில்வே பாஷையில் சொன்னால், இது ஒரு கூட்ஸ் வண்டி. ஒவ்வொரு சர்க்கரைத் துண்டும் ஒரு வேகன். இரண்டு வேகனை இணைக்கும் கொக்கிதான் ரசாயனப் பிணைப்பு. காராஜினன் சங்கிலி ஒன்றில் இப்படி 2 ஆயிரம் வேகன்கள் கூட இருக்கும். இவ்வளவு நீளமான சங்கிலிகள் தண்ணீரில் ஒன்றோடு ஒன்று சிக்கிக்கொள்வதால்தான் அது கூழாகிப் பசை மாதிரி நிற்கிறது. பற்பசைக்கு அதுதான் வேண்டும். ஆனால் இலையில் தெளித்தால் மேலே ஒட்டிக்கொண்டு கிடக்கும். பயிருக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

அதே சங்கிலியை வெட்டி, ஐம்பது வேகன் அளவுக்குச் சுருக்கினால் கதையே மாறி விடுகிறது. பசை போய், தண்ணீர் மாதிரி கரைகிறது. பயிரும் அதை உடனே அடையாளம் கண்டுகொள்கிறது.

பயிர் எப்படி அடையாளம் காணும்? பூஞ்சைக் காளானோ பூச்சியோ தாக்கும்போது, செடியின் திசுச் சுவர் உடைந்து, இதே மாதிரி சிறு சர்க்கரைத் துண்டுகள் சிதறும். அந்தத் துண்டுகள்தான் செடிக்கு அபாய அறிவிப்பு மணி. உடனே செடி தன் பாதுகாப்பு வேலைகளைத் தொடங்குகிறது. கடல் பாசித் துண்டு பட்டாலும் செடிக்குள் அந்த மணி அடிக்கிறது. தற்காப்புச் சக்தி கூடுவதோடு, வேர் பிடிப்பு, இலையின் பச்சையம், தழைப்பு ஆகியவையும் கூடுவதாக ஆராய்ச்சிகள் காட்டி இருக்கின்றன.

கோபால்ட் செய்யும் வேலை

சங்கிலியை வெட்ட ஒரு வழி மட்டும் இல்லை. அமிலத்தில் கொதிக்க வைக்கலாம். என்சைம் என்னும் நொதிப் பொருளைச் சேர்க்கலாம். அமிலம் என்றால் பிறகு அதை நீக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். நொதிக்கு விலை அதிகம். கதிரில் இந்தத் தொல்லை இல்லை. பொடியை மூட்டையில் கட்டியபடியே கதிர் முன்னால் காட்டி எடுத்தால் போதும்.

கதிர் கொடுப்பது கோபால்ட்-60 என்னும் உலோகம். அதை எவர்சில்வர் குழாய்களில் அடைத்து மூடி இருப்பார்கள். வேலை இல்லாத நேரத்தில் ஆழமான தண்ணீர்த் தொட்டிக்குள் கிடக்கும். மூட்டைகள் உள்ளே போகும்போது மேலே தூக்குவார்கள். சுற்றிலும் கனத்த கான்கிரீட் சுவர். கோபால்டில் இருந்து கிளம்பும் காமா கதிர், மூட்டைக்குள் ஊடுருவிப் போய், வேகன் கொக்கிகளைத் தெறிக்க விடுகிறது.

பொடியைத் தண்ணீரில் கரைத்து வைத்துக் கதிர் காட்டினால் வேலை இன்னும் சுலபம். கதிர் பட்டதும் தண்ணீரே உடைந்து, வீரியமான துகள்கள் உண்டாகின்றன. அவை பாய்ந்து போய்ச் சங்கிலியை அறுக்கின்றன. அதனால் குறைந்த கதிரே போதும். உலர்ந்த பொடிக்குச் சுமார் 100 கிலோகிரே தேவை என்றால், நீர்த்த கரைசலுக்குச் சில கிலோகிரேயில் வேலை முடியும்.

கிலோகிரே என்பது கதிரின் அளவு. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு: வெங்காயம் முளைக்காமல் இருக்க ஒரு கிலோகிரேயில் பத்தில் ஒரு பங்கு கூட வேண்டாம். ஆஸ்பத்திரிச் சாமான்களுக்கு 25 கிலோகிரே. பாசிப் பொடிக்கு அதைப் போல நான்கு மடங்கு. கேட்கப் பெரிதாக இருந்தாலும், 100 கிலோகிரேயின் மொத்தச் சக்தி, ஒரு கிலோ தண்ணீரை 24 டிகிரி சூடாக்கும் அளவுதான்.

அளவு மிஞ்சினாலும் கெடுதல். சங்கிலி தேவைக்கு மேல் பொடியாகி விட்டால் பயிர் அதைக் கண்டுகொள்ளாது. எத்தனை வேகனில் நிறுத்துவது என்பதுதான் இந்த ஆராய்ச்சியின் முக்கியமான கேள்வி.

பயப்பட வேண்டுமா?

எங்கள் பார்சல் ஆபீசில் பரமக்குடிப் பக்கத்து அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஊரில் நிலத்தைத் தம்பி பார்த்துக்கொள்கிறார். இந்தச் செய்தியைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி:

"ஏம்ப்பா, அணுவைக் காட்டின மருந்தை நெல்லுல அடிச்சு, அந்தச் சோத்தைப் பிள்ளைகளுக்குப் போடலாமா?"

"போடலாம் அண்ணே. போன வருஷம் நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்தீங்களே, அந்தக் கதிர் இன்னும் உங்க நெஞ்சுக்குள்ளேயா இருக்கு?" என்றேன்.

சிரித்து விட்டார். ஆனால் அவர் கேள்வி நியாயமானது. பதிலைச் சரியாகச் சொல்ல வேண்டும். பாசிப் பொடியும் கோபால்டும் ஒன்றை ஒன்று தொடுவதே இல்லை. கோபால்ட் காமா கதிரின் சக்திக்கு ஒரு பொருளைக் கதிரியக்கம் உள்ளதாக மாற்றும் திறன் கிடையாது. ரசாயனப் பிணைப்பை அறுக்கத்தான் அதனால் முடியும். மூட்டை வெளியே வந்த பிறகு அதில் கதிர் எதுவும் மிஞ்சுவது இல்லை.

பயத்தைப் போலவே மயக்கமும் ஆபத்து. "அணு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது, ஒரு பாட்டில் அடித்தால் உரமே வேண்டாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஏன் என்பதைக் கணக்கே சொல்லும்.

60 கிராம் கணக்கு

இந்தப் பயிர் ஊக்கியைத் தெளிக்கும் அளவு மிகவும் குறைவு. லிட்டருக்கு 100 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். 10 லிட்டர் கைத்தெளிப்பானுக்கு ஒரு கிராம். ஏக்கருக்கு 20 டாங்க் என்றால் 20 கிராம். மூன்று முறை தெளித்தால் 60 கிராம்.

ஒரு மூட்டை யூரியா 45 கிலோ. அதில் தழைச்சத்து மட்டும் 20 கிலோவுக்கு மேல் இருக்கிறது. 60 கிராம் பொடியால் அந்தச் சத்தை எப்படிக் கொடுக்க முடியும்? முடியாது. ஆகவே இது உரம் இல்லை. நிலத்தில் உள்ள சத்தைப் பயிர் நன்றாக எடுத்துக்கொள்ளத் தூண்டி விடும் பொருள். சாப்பாடு வேறு, பசியைத் தூண்டும் கஷாயம் வேறு. கஷாயத்தைக் கொடுத்து விட்டுச் சாப்பாட்டை நிறுத்தினால் உடம்பு தாங்காது. பயிரும் அப்படித்தான்.

பிலிப்பைன்சில் நெல் வயல்

இந்த முறையை ஆராய்ச்சிச் சாலையில் இருந்து வயலுக்குக் கொண்டு போனதில் முன்னால் நிற்கும் நாடு பிலிப்பைன்ஸ். கப்பாபைகஸ் பாசி அந்நாட்டுக் கடலுக்குச் சொந்தமானது. குவிசான் நகரில் உள்ள பிலிப்பைன்ஸ் அணு ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி லூசில் அபாட் அம்மையாரும் அவருடைய குழுவினரும், காராஜினனைக் கதிரால் உடைத்து, நெல்லில் தெளித்துப் பார்த்தார்கள். மகசூல் 15 முதல் 30 சதவிகிதம் வரை கூடியது என்று அந்நாட்டு அரசு அறிவித்தது. தண்டு உறுதியாகி, காற்றில் சாய்வது குறைந்தது என்றும் சொன்னார்கள். புயல் அடிக்கடி வரும் நாட்டில் அது சிறிய லாபம் இல்லை.

ஜப்பானில் தகசாகி ஆராய்ச்சி நிலையமும், வியட்நாமில் தலாத் ஆராய்ச்சி நிலையமும் அல்ஜினை உடைத்து ஆராய்ந்தன.

நம் நாட்டில் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையினர், டிராம்பே நிலையத்தில் கதிர் காட்டிய அல்ஜினை வைத்துப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வந்தார்கள். புதினா, எலுமிச்சைப் புல் போன்ற வாசனைப் பயிர்களில் வளர்ச்சியும் எண்ணெயும் கூடின. மலேரியா மருந்து எடுக்கும் ஆர்டிமீசியா செடியில் மருந்துச் சத்து கூடியதை 2011-ல் வெளியிட்டார்கள். செடிகளுக்குக் கொடுத்த அளவு லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்தான். அளவு மாறினால் பலனும் மாறியது.

கடையில் வாங்கும் முன்

கடைகளில் கடல் பாசி மருந்து என்று இன்று பல பாட்டில்கள் கிடைக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை கதிர் காட்டியவை அல்ல. பச்சைக் கப்பாபைகஸ் பாசியை அரைத்து, சாறு பிழிந்து தெளிக்கும் முறையை முன்பு சொன்ன உப்பு ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியது. இப்கோ கூட்டுறவு நிறுவனம் விற்கும் 'சாகரிகா' இந்த வகையைச் சேர்ந்தது. அதில் இருப்பது பாசிச் சாற்றின் இயற்கைச் சத்துகள். கதிர் காட்டிய பொடி வேறு சரக்கு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்ளக் கூடாது.

2021 பிப்ரவரியில் மத்திய அரசு, உரக் கட்டுப்பாட்டு உத்தரவுக்குள் பயிர் ஊக்கிகளையும் கொண்டு வந்தது. பாசிச் சாறும் அதில் அடக்கம். ஆகவே ஊரில் நிலம் பார்க்கும் தம்பியோ மாமாவோ போனில் கேட்டால், நான்கு விஷயங்களைச் சொல்லி வையுங்கள்.

ஒன்று: பாட்டிலில் என்ன பொருள், எந்த அளவு, எந்தப் பயிருக்கு என்று அச்சிட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டு: பில் இல்லாமல் வாங்கக் கூடாது.

மூன்று: முதல் தடவை முழு வயலுக்கும் அடிக்காமல், ஒரு பாத்தியில் அடித்து, பக்கத்துப் பாத்தியைச் சும்மா விட்டு, அறுவடையில் இரண்டையும் எடை போட்டுப் பார்க்க வேண்டும்.

நான்கு: உரத்தை ஒரேயடியாக நிறுத்தி விடக் கூடாது.

லாபம் யாருக்கு?

மேலே சொன்ன 60 கிராம் கணக்கில் இன்னொரு உண்மை இருக்கிறது. ஒரு கிலோ பொடி 16 ஏக்கருக்குக் காணும். ஒரு டன் பொடி 16 ஆயிரம் ஏக்கருக்கு! எனவே பயிர் ஊக்கி நன்றாக விற்றாலும், அதற்காக வாங்கும் பாசியின் அளவு பெரிதாகக் கூடி விடாது. கடலில் மூழ்கும் பெண்ணும், மிதவை கட்டும் குடும்பமும் காய்ந்த பாசியைக் கிலோ கணக்கில் விற்பதோடு நின்று விட்டால், அவர்களுக்கு இந்த விஞ்ஞானத்தால் அதிகம் கிடைக்காது. லாபம் பாசியில் இல்லை. பாசியைப் பொடியாக்கி, உடைத்து, பாட்டிலில் அடைப்பவர் கையில் இருக்கிறது.

பாசி வளர்ப்பிலும் கஷ்டங்கள் இருக்கின்றன. 2013-ஐ ஒட்டி கப்பாபைகஸ் பாசி பெருமளவில் அழிந்து, வளர்த்த குடும்பங்கள் நஷ்டப்பட்டன. குருசடைத் தீவுப் பக்கம் இந்தப் பாசி பவளப் பாறைகள் மேல் படர்ந்து கெடுப்பதாக 2008-ல் விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். ஆகவே பாசியை மேலும் மேலும் வளர்த்துக்கொண்டே போவது மட்டும் வழி ஆகாது. இருக்கும் பாசிக்குக் கூடுதல் விலை கிடைக்க வழி காண வேண்டும்.

2021 மத்திய பட்ஜெட்டில், தமிழ்நாட்டில் பல்நோக்குக் கடல் பாசிப் பூங்கா அமைக்கப்படும் என்று அறிவித்தார்கள். அதற்கு ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் 2023-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. பாசியில் இருந்து காராஜினன், அல்ஜின் எடுக்கும் வேலையை மகளிர் குழுக்களின் பங்கோடு அங்கே நடத்த வேண்டும் என்று கேட்பதற்கு இதுவே தக்க இடம்.

"கோபால்டுக்கு எங்கே போவது?" என்று கேட்கலாம். அதற்கு ராமநாதபுரத்தில் தனி நிலையம் தேவை இல்லை. கட்டினாலும் கட்டுபடி ஆகாது. கோபால்டின் வீரியம் வருஷத்துக்கு 12 சதவிகிதம் போலத் தானாகவே குறைந்துகொண்டு வரும். மூட்டை வந்தாலும் வராவிட்டாலும் குறையும். இரவு பகலாக வேலை இருந்தால்தான் அப்படி ஒரு நிலையம் பிழைக்கும். நவி மும்பை வாஷியில் மசாலாப் பொருள்களுக்குக் கதிர் காட்டும் நிலையம் 2000-ம் ஆண்டில் வந்தது. நாட்டில் வேறு இடங்களிலும் இப்படி நிலையங்கள் இருக்கின்றன. காய்ந்த பொடி கெட்டுப் போகாது, கனமும் இல்லை. மூட்டை கட்டி ரயிலில் அனுப்பி, கதிர் காட்டித் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். பார்சல் ஆபீஸ்காரன் என்ற முறையில் சொல்கிறேன், மீனையும் பழத்தையும் அனுப்புவதை விட இது எவ்வளவோ சுலபம்.

ராமநாதபுரம், தூத்துக்குடி, புதுக்கோட்டைக் கடலோரக் கிராமங்களைச் சேர்ந்த வாசகர்கள் மும்பையில் ஏராளம். ஊரில் உங்கள் அக்காள் தங்கைகள் மகளிர் குழுவில் இருந்தால், காய்ந்த பாசியை விற்கும் விலையையும், அதில் இருந்து எடுத்த பொருள் என்ன விலைக்குப் போகிறது என்பதையும் கேட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள். பூங்கா அதிகாரிகளிடம் பேசும்போது அந்த இரண்டு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி நீட்டலாம். பங்கு கேட்பதற்கு அதை விட நல்ல மனு வேறு இல்லை.